அட்டையா, களிமண்ணா, ஹெட்செட்டா? முன்மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் முன்

ஓர் இயந்திரத்தின் வடிவமைப்பு திரையில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பாகங்களை வார்க்கவும் அழுத்தவும் பிடித்துவைக்கவும் வேண்டிய டை, மோல்ட், ஃபிக்ஸ்சர் எதற்கும் இன்னும் ஆர்டர் போகவில்லை. ஒரு பொருளின் வாழ்நாளில் தவறைத் திருத்த இதைவிட மலிவான நேரம் கிடைக்காது. ஆர்டர் போன பிறகு ஒரு போல்ட்டை 10 மி.மீ. தள்ளி வைப்பதென்றாலும் வரைபடம் மாற வேண்டும், டை மாற வேண்டும், சப்ளையரிடம் மன்றாட வேண்டும். அதனால் இந்தக் கட்டத்தில் ஒரு முன்மாதிரி செய்து பார்த்துவிடுவது நல்லது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. எந்த மாதிரி முன்மாதிரி என்று கேட்டால்தான் இழுபறி ஆரம்பமாகிறது.

இருக்கும் வழிகள் நான்கைந்து. திரையிலேயே கேட் மாடலை (கணினியில் வரைந்த முப்பரிமாண வடிவம்) சுழற்றிப் பார்த்து, கணினிப் பரிசோதனைகளை ஓட்டி முடிவெடுக்கலாம். அட்டை, ஃபோம், களிமண், 3டி அச்சு என்று கையால் தொடக்கூடிய ஒன்றைச் செய்யலாம். விஆர், அதாவது மெய்நிகர் உலகைக் காட்டும் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு முழு அளவு மாடலுக்குள் நுழையலாம். சுவர்களிலேயே படம் விழும் கேவ் அறை கட்டலாம். உண்மையான இருக்கை, உண்மையான கைப்பிடி, மீதி எல்லாம் மெய்நிகர் என்று கலந்தும் செய்யலாம்.

இதில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. முன்மாதிரி என்பது ஒரு கேள்விக்குப் பதில் தேடும் கருவி. ‘இந்த வடிகட்டியை நின்றபடியே ஒருவர் மாற்ற முடியுமா?’ என்பது ஒரு கேள்வி. ‘இந்த மூடி க்ளிக் என்று பிடித்துக்கொள்ளுமா?’ என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு விஆர் அருமையான வழி, இரண்டாவதற்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுத முடியாத குழு ஹெட்செட் வாங்கப் போவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

திரையே போதுமான இடங்கள்

விஆர் பேச்சில் அடிபட்டுப் போவது பழைய திரைதான். அதற்கு உரிய மதிப்பை முதலில் கொடுத்துவிடலாம். 1994 ஜூனில் முதல்முறை பறந்த போயிங் 777, முழுக்க முழுக்கக் கணினியில் வடிவமைக்கப்பட்ட முதல் பயணிகள் ஜெட் விமானம். காட்டியா என்ற கேட் மென்பொருளில் பாகங்களைத் திரையிலேயே ஒன்றுசேர்த்து, எது எதனுடன் மோதுகிறது என்று பார்த்தார்கள். வழக்கமாகச் செய்யும் முழு அளவு மரமாதிரி தேவைப்படவில்லை. மூக்குப் பகுதிக்கு மட்டும் ஒரு மாதிரி செய்து, கணினி சொன்னது சரிதானா என்று சோதித்துக்கொண்டார்கள். அன்றைக்குப் பொறியாளர்கள் தலையில் ஹெட்செட் எதுவும் இல்லை.

இரண்டு பாகங்களுக்கு நடுவே 2 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்பதைப் பல்லாயிரம் பாகங்களுக்கும் மென்பொருள் தானாகவே கணக்கிட்டுப் பட்டியல் தரும். அதே வேலையை விஆருக்குள் நடந்து நடந்து கண்ணால் செய்வது வீண். அளவு, இடைவெளி, எடை, தகைவு (பாகத்துக்குள் எழும் அழுத்தம்), வெப்பப் பரவல் போன்ற எண்ணால் பதில் வரும் கேள்விகளைத் திரைக்கும் சிமுலேஷனுக்கும் விட்டுவிட வேண்டும்.

திரை தோற்பது மனித உடம்பு உள்ளே வரும்போது. திரையில் கேமராவுக்குத் தோள் இல்லை, முழங்கை இல்லை. மவுஸைச் சுழற்றினால் சுவரைத் துளைத்துக்கொண்டு எஞ்சினுக்குள் போய் அழகாகப் பார்த்துவிட்டு வரும். அந்த இடத்தில் மனிதத் தலை நுழையாது என்பதைத் திரை நினைவூட்டாது. வருடக்கணக்கில் கேட் மாடலோடு வாழும் வடிவமைப்பாளருக்குக்கூட ஒரு பொருளின் உண்மையான பருமன் அவ்வப்போது மனதிலிருந்து நழுவும். பராமரிப்புப் பிரிவிலிருந்தும் அசெம்பிளியிலிருந்தும் கூட்டத்துக்கு வருபவர்களுக்கு இன்னும் கஷ்டம். அவர்கள் திரையைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். பொருள் ஷாப் ஃப்ளோருக்கு வந்த பிறகுதான் ஆட்சேபம் வரும்.

விஆர் தன் இடத்தைக் காட்டும் வேலை

ஓர் உதாரணத்தை விரிவாகப் பார்க்கலாம். பக்கவாட்டுத் தகடுக்குப் பின்னால் ஒரு பம்ப், அதை நான்கு அறுகோண போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. ஓப்பன்-எண்ட் ஸ்பேனரால் அறுகோண போல்ட்டைத் திருக, ஒவ்வொரு பிடிக்கும் 60 டிகிரி வீச்சு வேண்டும். ஸ்பேனரின் வாய் 15 டிகிரி சாய்ந்திருப்பதால் புரட்டிப் புரட்டிப் பிடித்தால் 30 டிகிரியில் சமாளிக்கலாம். இந்த வீச்சுக்கு இடம் இருக்கிறதா என்பதைத் திரையிலேயே ஒரு வில் வரைந்து சொல்லிவிட முடியும். ஸ்பேனரைச் சுழற்றும்போது போல்ட் கண்ணுக்குத் தெரிகிறதா? இன்னொரு கையால் பம்பைத் தாங்க எங்கே இடம்? அதற்காக எவ்வளவு குனிய வேண்டும், எத்தனை நிமிடம் குனிந்தே இருக்க வேண்டும்? இந்தக் கேள்விகள் திரையில் எழவே எழாது. விஆரில், அந்த வேலையைத் தினமும் செய்யும் ஒருவரிடம் ஹெட்செட்டைக் கொடுத்தால், அவர் உட்கார்ந்து, சாய்ந்து, கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்: ‘நாலாவது போல்ட்டுக்குக் கை போகும், ஆனா கண்ணு போகாது.’ விஆர் முன்மாதிரியின் மதிப்பு முழுவதும் இப்படி ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

ஃபோர்டு நிறுவனம் புதிய வண்டிகளின் அசெம்பிளி வேலைகளை இப்படித்தான் முன்கூட்டியே சோதிக்கிறது. தொழிலாளரின் உடல் அசைவை முழுதாகப் பதிவு செய்யும் கருவிகள், விஆர், இவற்றோடு 3டி அச்சில் எடுத்த பாகங்களையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். பார்வைக்குப் படாத இடத்தில் கை நுழைகிறதா என்று அறிய அந்த அச்சுப் பாகங்கள். எல்லாவற்றையும் விஆரிடமே ஒப்படைக்காத அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, விஆரில் கை சுவருக்குள் புகுந்துவிடும். மோதினால் நிறம் மாறுவது, கட்டுப்பாட்டுக் கருவி அதிர்வது போன்ற ஏற்பாடு இல்லாவிட்டால், பார்ப்பவர் தன்னையறியாமல் ஏமாற்றிக்கொண்டு ‘எட்டுது’ என்பார். ஐசி.ஐடோ போன்ற மென்பொருள்கள் பாகங்கள் ஒன்றையொன்று ஊடுருவாதபடி இயற்பியலைக் கணக்கிட்டுத் தடுக்கின்றன. அணுகுவசதியை ஆராய்வதென்றால் இந்த வசதியைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, உயரம். மென்பொருளில் தரைமட்டத்தை ஏற்றி இறக்கி, உயரமானவர் குள்ளமானவரின் பார்வையில் பார்ப்பதுபோல் செய்யலாம். கண் மட்டம் மாறும், கை நீளம் மாறாது. குள்ளமான ஒருவருக்கு எட்டுமா என்று தெரிய வேண்டுமானால் குள்ளமான ஒருவரையே கூப்பிட வேண்டும்.

மூன்றாவதுதான் அதிகம் கவனிக்கப்படாதது. ஹெட்செட்டுக்குள் இருப்பவர்கள் தூரத்தை உண்மையைவிடக் குறைவாக மதிப்பிடுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. பார்வைப் பரப்பும் சுருங்குகிறது. மனிதருக்குக் கிடைமட்டமாக 200 டிகிரி அளவுக்குத் தெரியும், பரவலாகக் கிடைக்கும் ஹெட்செட்டுகளில் 100 முதல் 110 டிகிரிதான். கிரேன் கேபினிலோ டிராக்டர் இருக்கையிலோ கடைக்கண்ணில் படும் அசைவை விஆரில் சோதிக்கக் கூடாது. தூண் எதை மறைக்கிறது, தலையைத் திருப்பினால் என்ன தெரிகிறது என்பதைத் தாராளமாகச் சோதிக்கலாம். ஹெட்செட்டில் கண்மணிகளின் இடைவெளியை ஒவ்வொருவருக்கும் சரியாக வைப்பதும் முக்கியம். அது தவறினால் பொருளின் அளவே மாறித் தெரியும்.

கைக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள்

25 மி.மீ. துளையில் எச்7/ஜி6 என்ற தரப்படுத்திய நெருக்கமான பொருத்தத்தில் ஒரு தண்டு வழுக்கி நுழைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதில் இருக்கும் மொத்த இடைவெளி 7 முதல் 41 மைக்ரான். விஆர் கருவி கையின் இடத்தைக் கண்டறிவது மில்லிமீட்டர் கணக்கில். இந்தப் பொருத்தத்தைப் பற்றி விஆர் சொல்வதற்கு எதுவுமே இல்லை. 15 கிலோ கியர்பாக்ஸ் மூடியை விஆரில் தூக்கினால் கையில் இருப்பது சில நூறு கிராம்கூடத் தேறாத ஒரு பிளாஸ்டிக் கருவி. முதுகு வலிக்காது, ஆகவே முதுகு வலிக்குமா என்ற கேள்விக்கும் விடை வராது. அதிர்வு, சூடு, சத்தம், பிசுபிசுப்பு, இறுக்கிய நட்டு விடும்போது வரும் திடீர் இளக்கம் எல்லாமே இந்தப் பட்டியலில்தான். விசையைத் திருப்பித் தரும் ஹேப்டிக் கைகளும் கையுறைகளும் சந்தையில் உண்டு. ஆராய்ச்சிக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் அவை பொருந்தலாம். மற்றவர்களுக்கு, உண்மையான எடையுள்ள ஒரு இரும்புத் துண்டை மேசைமேல் வைத்துத் தூக்கச் சொல்வது வேகமானது, நம்பகமானதும்கூட.

வளையும் பொருட்கள் இன்னொரு பலவீனம். கேட் மாடலில் ஹோஸும் வயரிங் ஹார்னெஸும் (மின்கம்பிக் கட்டு) உறைந்துபோன குழாய்கள்போல நிற்கும். நிஜத்தில் அவை தொங்கும், முறுக்கிக்கொள்ளும், வளைய மறுக்கும். ஏர்பஸ் ஏ380 தயாரிப்பில் 2006-ல் வெளியே வந்த சிக்கலை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு விமானத்துக்குள் ஓடும் மின்கம்பிகளின் நீளம் ஏறத்தாழ 530 கி.மீ. ஜெர்மனி, ஸ்பெயின் குழுக்கள் காட்டியாவின் 4-ஆம் பதிப்பிலும், பிரான்ஸ், பிரிட்டன் குழுக்கள் 5-ஆம் பதிப்பிலும் வேலை செய்தன. ஹாம்பர்க்கிலிருந்து துலூஸ் வந்த பகுதிகளில் கம்பிகள் சரியாகப் பொருந்தவில்லை. வினியோகம் தள்ளித் தள்ளிப் போய், முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்கு வந்தது 2007 அக்டோபரில். அன்று அவர்கள் எல்லோரும் உலகின் மிகச் சிறந்த விஆர் அறையில் நின்று அந்த மாடலைப் பார்த்திருந்தாலும், தவறான மாடல் மிக அழகாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். தன்னிடம் கொடுத்த தரவைத் தாண்டி விஆருக்கு ஒன்றும் தெரியாது. எந்தத் திருத்தம் வரை வந்த மாடல், யார் அனுமதித்தது என்ற கேள்வியைக் கேட்காமல் ஹெட்செட்டை மாட்டக் கூடாது.

அட்டைக்காக ஒரு வார்த்தை

புதிய தொழில்நுட்பம் பேசும் கூட்டங்களில் அட்டையைச் சொன்னால் கொஞ்சம் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒரு வேலைமேசையையோ கட்டுப்பாட்டுப் பெட்டியையோ தடித்த அட்டையில், கட்டரும் பசையும் வைத்து முழு அளவில் அரை நாளில் கட்டிவிடலாம். அதைவிடப் பெரிய வசதி, அங்கேயே திருத்தலாம். ‘இந்த விளிம்பு இடுப்பில் இடிக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், அவர் கண்முன்னே கத்தியை எடுத்து வெட்டி, மறுபடி நின்று பார்க்கச் சொல்லலாம். விஆரில் அதே குறையைக் கண்டுபிடித்தால் குறித்துக்கொண்டு, கேட் மென்பொருளுக்குத் திரும்பிப் போய் மாற்றி, மறுபடி ஏற்றுமதி செய்து, மறுநாளோ அடுத்த வாரமோ இன்னொரு முறை எல்லோரையும் கூட்ட வேண்டும். சரிபார்ப்பதைவிடத் தேடிக் கண்டுபிடிப்பதே நோக்கமாக இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் அட்டைதான் வேகம்.

அட்டைக்கு எட்டாதவையும் உண்டு. 30 மீட்டர் நீள உற்பத்தி வரிசையை அட்டையில் கட்ட முடியாது. தலைக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் ஒரு வால்வைத் தொங்கவிட்டால் அது விழும். பத்து மாற்று வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவோ, வேறொரு ஊரில் இருக்கும் குழுவோடு ஒரே மாதிரியைச் சுற்றி நின்று பேசவோ அதனால் ஆகாது. அங்கெல்லாம் விஆர் முன்னே போய்விடுகிறது.

களிமண் ஒரு தனி உலகம். ஜெனரல் மோட்டார்ஸில் ஹார்லி ஏர்ல் 1927-ல் வடிவமைப்புப் பிரிவைத் தொடங்கிய காலத்திலிருந்து கார் உடலைக் களிமண்ணில் செதுக்கிப் பார்ப்பது வழக்கமாகி, இன்றும் நீடிக்கிறது. வளைந்த பரப்பின் மீது நிஜ வெளிச்சம் எப்படி ஓடுகிறது என்பதை ஹெட்செட் காட்டும் படத்தை நம்பி முடிவு செய்ய வடிவமைப்பாளர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. உள்ளங்கை தடவிப் பார்த்துச் சொல்லும் நெளிவைச் சொல்ல வேறு கருவி இல்லை. விஆர் வந்ததால் செய்ய வேண்டிய களிமண் மாதிரிகளின் எண்ணிக்கை குறைக்கப்படலாம். கடைசி மாதிரியை மட்டும் விட்டுவிட முடியாது.

3டி அச்சைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கைக்குள் அடங்கும் பொருளை அச்சிட்டுவிடுங்கள். துளைக்கருவியின் பிடி, ரிமோட், மருந்து பீச்சும் குழல் இவற்றை விஆரில் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஆள் உள்ளே நுழையும் அளவோ, ஆளைச் சுற்றி நிற்கும் அளவோ உள்ள பொருள் வரும்போது ஹெட்செட்டை எடுக்கலாம்.

விஆர் என்று முடிவானால், எந்த விஆர்

கேவ் என்ற அறை சிகாகோவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1992-ல் உலகுக்கு அறிமுகமானது. சுவர்களிலும் தரையிலும் படம் விழும், உள்ளே நிற்பவருக்குத் தன் கையும் பக்கத்தில் நிற்பவர் முகமும் தெரியும். கூடிப் பேசி முடிவெடுப்பவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் யாருடைய தலையைக் கருவி பின்தொடர்கிறதோ அவருக்கு மட்டுமே காட்சி சரியான கோணத்தில் இருக்கும், மற்றவர்களுக்குக் கொஞ்சம் கோணலாகத் தெரியும். அறையும் பராமரிப்பும் பெரிய செலவு. ஏற்கெனவே கேவ் வைத்திருப்பவர்கள் அதைத் தொடர்ந்து பயன்படுத்தட்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு இன்று நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மீதி இருப்பது கணினியோடு இணைந்த ஹெட்செட்டா, தனித்தியங்கும் ஹெட்செட்டா என்பது. விநாடிக்கு 90 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 11 மில்லிவிநாடி, அதற்குள் இரண்டு கண்ணுக்கும் வரைந்தாக வேண்டும். தலை திரும்பியதற்கும் காட்சி மாறுவதற்கும் இடையே 20 மில்லிவிநாடிக்கு மேல் போனால் பலருக்குக் குமட்டல் வரும். நல்ல கிராஃபிக்ஸ் அட்டையுள்ள கணினி கனமான மாடலையும் இந்த நேரத்துக்குள் வரைந்துவிடும். தனித்தியங்கும் ஹெட்செட் கைபேசிச் சிப்பில் ஓடுவதால், மாடலைப் பலமடங்கு இளைக்க வைத்தால்தான் தாங்கும். அப்படி இளைக்கும்போது முதலில் காணாமல் போவது சிறிய போல்ட், கிளிப், கம்பி வளைவு. பராமரிப்பை ஆராய வந்தவருக்கு அவைதானே முக்கியம்? ஆகவே வடிவமைப்பை ஆராய்வதற்குக் கணினியோடு இணைந்தது. பயிற்சிக்கும் வாடிக்கையாளரிடம் காட்டுவதற்கும் தனித்தியங்குவது. தனித்தியங்கும் ஹெட்செட்டுக்குக் கணினியிலிருந்து படத்தை வயர்லெஸ்ஸில் அனுப்பும் முறையும் உண்டு. நல்ல நெட்வொர்க் இருந்தால் அது சரியான நடுவழி.

வாகனமோ கேபினோ வடிவமைப்பவர்களுக்குக் கலப்பு முறைதான் என் முதல் தேர்வு. உண்மையான இருக்கை, ஸ்டீரிங், பெடல் மூன்றையும் ஒரு சட்டத்தில் பொருத்திவிட்டு, டாஷ்போர்டும் கண்ணாடியும் வெளியுலகும் ஹெட்செட்டில் வரட்டும். உடம்பு தொடும் இடங்கள் நிஜமாக இருந்தாலே, உட்காரும் விதமும் கை நீட்டும் விதமும் இயல்பாகிவிடும். வால்வோ கார்ஸ் 2019-ல் பின்லாந்தின் வார்யோ நிறுவனத்துடன் சேர்ந்து, ஓடும் உண்மையான காரில், நிஜக் காட்சியோடு மெய்நிகர் படத்தையும் சேர்த்துக் காட்டும் கலப்பு ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்க்கும் வரை இதைக் கொண்டுபோனது.

கருவி வாங்கும்போது இன்னொன்று. மைக்ரோசாஃப்ட் 2024-ல் ஹோலோலென்ஸ் 2 என்ற தன் ஹெட்செட்டின் தயாரிப்பை நிறுத்தியது. அதை மட்டுமே நம்பி மென்பொருள் எழுதியவர்களுக்கு அது என்ன அடி என்று யோசித்துப் பாருங்கள். ஓப்பன்எக்ஸ்ஆர் போன்ற பொதுத் தரத்தில் ஓடும் மென்பொருளும், ஸ்டெப், ஜேடி, ஜிஎல்டிஎஃப் போன்ற பொது வடிவக் கோப்புகளும் இருந்தால் ஹெட்செட்டை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடரலாம்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

ஹெட்செட்டின் விலையை வைத்து விஆர் செலவைக் கணக்கிடுவது தவறு. செலவு மாடலைத் தயார் செய்வதில் இருக்கிறது. கேட் மாடலில் பரப்புகள் துல்லியமான கணிதச் சமன்பாடுகள். விஆருக்கு அவை முக்கோணங்களாக உடைய வேண்டும். 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத் துளை 24 பக்கப் பலகோணமாக மாறினால், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் விளிம்பு 0.4 மி.மீ.க்கு மேல் உள்ளே வந்து நிற்கும். சரியாக நுழையும் தண்டு இடிப்பதுபோல் தெரியும். பக்கங்களைக் கூட்டினால் முக்கோணங்கள் பெருகிக் காட்சி திணறும். எதை மென்மையாக வைப்பது, எதை எளிமையாக்குவது, கியர்பாக்ஸுக்குள் கண்ணுக்கே தெரியாத பாகங்களை எப்படிக் கழிப்பது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். வடிவமைப்பு ஒவ்வொரு முறை திருந்தும்போதும் இது மறுபடி நடக்கும்.

இந்த வேலையை ஒரு தடவை ஒழுங்குபடுத்தி, பாதியாவது தானாக நடக்கும்படி செய்துவிட்ட குழுக்களில் விஆர் நிலைக்கிறது. ‘யாராவது பார்த்துக்குவாங்க’ என்று விட்ட இடங்களில் ஹெட்செட் அலமாரிக்குப் போய்விடுகிறது. அதனால் பட்ஜெட் போடும்போது கருவிக்கு முன்னால், இந்தப் பொறுப்பை ஏற்கும் ஆளின் நேரத்தை எழுதுங்கள். அந்த நேரம் கிடைக்காது என்றால் நான் திரையும் அட்டையும் போதும் என்றே சொல்வேன்.

தொடங்க விரும்புபவர்கள் பெரிய அறிவிப்பு எதுவும் செய்ய வேண்டாம். கணினியோடு இணைந்த ஹெட்செட் ஒன்று, டை, மோல்ட் ஆர்டர் இன்னும் போகாத ஒரு பொருள், உடம்பு சம்பந்தப்பட்ட ஒரே ஒரு கேள்வி. ஒவ்வொருவருக்கும் 20 நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், அவர்கள் நகரும்போது தங்கள் காலால் நடக்கட்டும், காட்சியை நீங்கள் நகர்த்த வேண்டாம். குமட்டல் பெரும்பாலும் அதில்தான் வருகிறது. வடிவமைத்தவர் ஓரமாக நின்று கேட்கட்டும், முதலில் மாட்ட வேண்டியது நாளை அந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்டப் போகும் ஆள். அதே கேள்வியை முடிந்தால் அட்டையிலும் ஒருமுறை சோதித்து, எது எந்தக் குறையைப் பிடித்தது என்று பாக எண்ணோடும் திருத்த எண்ணோடும் எழுதி வையுங்கள். முதல் உண்மையான இயந்திரம் வந்ததும் அந்தப் பட்டியலை எடுத்து, விஆர் சொன்னதில் எது நிஜமானது, எது வெறும் பயமுறுத்தல், எதை அது பார்க்கவே இல்லை என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். அடுத்த பொருளுக்கு எந்த முன்மாதிரி என்ற கூட்டத்தில் அந்தப் பட்டியலை மேசைமேல் வைத்துக்கொண்டு பேசலாம்.